நடுகல்லும் பொன்னாடையும்

ஆகஸ்டு 15ஆம் தேதி காலையில் காரைக்குடியின் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பார்த்தாலும், கொடிக்கம்பத்தடியில் பட்டுப்பாவாடையும் அட்டைக் கத்தியுமாக இரண்டு மூன்று வேலு நாச்சியார்களும், வியர்வையில் ஒட்டு மீசை நழுவிக்கொண்டிருக்கும் மருது பாண்டியர் ஒருவரும், தலைப்பாகை கண்ணை மறைக்கும் பாரதியார் ஒருவரும் வரிசையில் நிற்பதைக் காணலாம். கொடியேற்றியதும் முடிச்சு அவிழ்ந்து பூ உதிர்கிறது, தலைமையாசிரியர் பேசுகிறார், சிறப்பு விருந்தினர் அதைவிட நீளமாகப் பேசுகிறார், மாறுவேடப் போட்டிக்குப் பரிசு கொடுத்தபின் ஆரஞ்சு மிட்டாயோடு விழா முடிகிறது. இதில் குறை காண்பது என் எண்ணமன்று. வேஷம் போட்ட பிள்ளைக்கு அந்தப் பெயர்களாவது மனத்தில் தங்கும். ஆனால் அந்தப் பெயர்களோடு சேர்ந்து எந்த பாவனை தங்குகிறது என்பதைப் பற்றி நாம் போதுமான அளவு யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு மனிதரின் முன் கை கூப்பு என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லும்போதே, வணங்கத்தக்கது இன்னது, வணங்கத்தகாதது இன்னது என்ற சித்தாந்தம் ஒன்றையும் அதன் மனத்தில் ஊன்றிவிடுகிறோம். ஆகையால் இது கல்வித்துறைச் சுற்றறிக்கையோடு தீர்ந்துபோகிற விஷயமன்று, அடிப்படையில் சமயத்தைச் சார்ந்த விஷயம். போர் புரிந்தவரை வணங்கு என்றால், அவருடைய வலிமையை வணங்கச் சொல்கிறோமா, வெற்றியையா, அவர் கொன்றதையா, அல்லது சாகத் துணிந்ததையா? பெரியவர்கள் இவற்றைப் பிரித்துப் பார்க்காமலே ஆயுளைக் கழித்துவிடலாம். குழந்தைக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை. அது நேராகக் கேட்டுவிடும். பட்டாளத்திலிருந்து ஊர் திரும்பியவர் எவரும் பேரப்பிள்ளையிடமிருந்து என்றாவது ஒருநாள் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, நீங்க எத்தன பேரச் சுட்டீங்க?" கேட்ட மாத்திரத்தில் தாய் அடுப்படியிலிருந்து ஓடிவந்து பிள்ளையின் வாயைப் பொத்துகிறாள். என்னுடைய கட்சி, அந்த வாயைப் பொத்தக்கூடாது என்பதுதான்.

நம் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதலான ஒரு முடிச்சும் உண்டு. 1927 செப்டம்பரில் காந்தியடிகள் செட்டிநாட்டு ஊர்களில் கதருக்காகச் சுற்றுப்பயணம் செய்தார். அதற்குப் பிறகு இங்கே ராட்டை சுழன்ற வீடுகள் பல. 1942 ஆகஸ்டில் தேவகோட்டையில் துப்பாக்கிச் சூடு நடந்தது; திருவாடானைச் சிறையை மக்கள் பட்டப்பகலில் உடைத்து, அங்கே அடைபட்டிருந்த விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். (அகிம்சையின் பெயரைச் சொல்லிக்கொண்டே தேவகோட்டை நீதிமன்றத்துக்குத் தீ வைத்த கூட்டமும் அந்த மாதத்தில்தான் இருந்தது. சரித்திரம் பாடப்புத்தகத்தைப் போல அத்தனை சுத்தமாக இருப்பதில்லை.) அதே காலத்தில் கடலுக்கு அப்பால், நம்மவர்கள் வட்டிக்கடை வைத்திருந்த பர்மாவிலும், ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் நிறைந்த மலேயாவிலும், இந்திய தேசிய ராணுவம் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது, 1943 ஜூலையில் நேதாஜி தலைமை ஏற்றதும், துப்பாக்கியை முன்பின் தொட்டறியாத தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள், இம்பால் வரை சென்றவர்களும் உண்டு, மழைக்கும் பட்டினிக்கும் மலேரியாவுக்கும் பலியாகி வழியிலேயே நின்றுவிட்டவர்களும் உண்டு. விடுதலைக்குப் பிறகு இந்திய ராணுவத்தில் இந்திய தேசிய ராணுவத்தினர் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. 1972இல், விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டில்தான், மத்திய அரசின் தியாகி ஓய்வூதியம் அவர்களுக்கும் சிறை சென்ற சத்தியாக்கிரகிகளுக்கும் ஒரே திட்டத்தின்கீழ் வந்தது.

ஆகவே பல்லாண்டுகளாக நம் சுதந்திர தின விழாக்களில் ஒரு விசித்திரம் நடந்துவந்தது. தடியடி வாங்கினாலும் திருப்பி அடிப்பதில்லை என்று விரதம் பூண்டவர் ஒரு நாற்காலியிலும், துப்பாக்கி ஏந்தி எல்லை தாண்டி வந்தவர் பக்கத்து நாற்காலியிலும் அமர்ந்திருக்க, மாவட்ட ஆட்சியர் வந்து இருவருக்கும் ஒரே மாதிரிப் பொன்னாடையைப் போர்த்துவார். கூட்டம் கைதட்டும். இருவரில் யார் செய்தது சரி என்று அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய பிள்ளைகளோ வெயிலில் நின்று களைத்து, மிட்டாய்த் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று அந்தத் தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. கேள்வி மட்டும் மறையவில்லை. ஏனெனில் இருவருக்கும் ஒரே பொன்னாடை தகும் என்றால், அந்தப் பொன்னாடை துப்பாக்கிக்கும் உரியதன்று, துப்பாக்கி ஏந்தாமைக்கும் உரியதன்று, இரண்டுக்கும் பின்னாலுள்ள வேறொன்றுக்கு உரியது என்றாகிறது.

அந்த வேறொன்றை நம் முன்னோர் தத்துவ நூலில் எழுதுவதற்கு முன்பே கல்லில் எழுதிவைத்தார்கள். தமிழகத்தில் கிடைத்துள்ள நடுகற்களில் எழுத்துப் பொறித்தவற்றை எடுத்துப் பாருங்கள்: இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன ஊர் மாடுகளை மீட்டு, இன்னாரின் மகன் இன்னான் பட்டான் என்ற அளவோடு பெரும்பாலான கல்வெட்டுகள் நின்றுவிடுகின்றன. எத்தனை பேரை வீழ்த்தினான் என்ற கணக்கைப் பெரிதாகப் பாராட்டும் வழக்கம் அவற்றில் அரிது. பெயர், ஊர், யாருக்காக, எப்படி மடிந்தான் என்பவையே அங்கே முக்கியம். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திர பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்து நின்றது என்றும் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாயின் பெயர் மழையிலும் வெயிலிலும் அழியாமல் நிற்கிறதென்றால், நன்றி மறவாமை என்பது எவ்வளவு நுணுக்கமான தர்மமாக அன்று அனுஷ்டிக்கப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு வீரவணக்கத்தின் முதல் பாடமாக நான் எதையாவது பரிந்துரைக்கலாமென்றால், வாளேந்திய எந்த மன்னனையும்விடக் கோவிவனின் கதையைத்தான் பரிந்துரைப்பேன்.

கல்லை எடுப்பதற்குத் தொல்காப்பியம் வகுக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. தகுந்த கல்லைக் கண்டு, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, கடைசியில் வாழ்த்துகிறார்கள். வாழ்த்து கடைசியில்தான் வருகிறது. நம் பள்ளி விழாக்கள் வாழ்த்தில் தொடங்கி வாழ்த்திலேயே முடிந்துவிடுகின்றன. கல்லைத் தேடி நடப்பதும் சுமப்பதும் நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பதே இல்லை.

இங்கே ஓர் ஆட்சேபத்தை மறைப்பது நேர்மையாகாது. நடுகல்லெல்லாம் மாடுகளை மீட்டவனுக்கே எடுத்தவை என்று சொல்லிவிட முடியாது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி எழுத்துடைய கல், கூடலூரில் நடந்த ஆகோளைக் குறிக்கிறது. ஆகோள் என்றால் ஆநிரையைக் கவர்தல். கவரச் சென்றவனின் சாவும் கல் பெற்ற உலகம் அது. அப்படியானால் நியாயமான போர், அநியாயமான போர் என்ற பேதமே இல்லாமல் செத்தவனையெல்லாம் தெய்வமாக்குவதா? இதே சங்கடம் நமக்கு இன்னும் அண்மையிலும் இருக்கிறது. முதல் உலகப்போரில் ஏறத்தாழ 13 லட்சம் இந்தியர்கள் பணியாற்றினார்கள். 74,000 பேர் வரை மாண்டார்கள். அது அவர்கள் கேட்டுத் தொடங்கிய போருமன்று, அவர்களுடைய தேசத்துக்கான போருமன்று. தமிழ்நாட்டின் சில ஊர்களில் இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று பொறித்த பலகைக் கல் இன்னும் சுவரில் பதிந்திருக்கிறது. அந்தக் கல்லின் முன் ஒரு பிள்ளையை நிறுத்தி என்ன சொல்வது? போர் தொடங்கியதற்குப் பொறுப்பாளி அரண்மனையில் இருந்தவன், போரைச் சுமந்தவன் இந்தக் குடிசையிலிருந்து போனவன் என்பதைச் சொல்லலாம். போரை வணங்காமலே போர் புரிந்தவனை வணங்க முடியும் என்ற இந்த விவேகம் பெரியவர்களிலேயே பலருக்குக் கைகூடுவதில்லை. குழந்தைப் பருவத்தில் அது பழகாவிட்டால் பிற்பாடு பழகுவது துர்லபம்.

திருவள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். படைச்செருக்குக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். துறவிக்கு அது, அரசனுக்கு இது என்று உரைகாரர்கள் இடம் பிரித்துக் கொடுத்துச் சமாதானம் அடைந்தார்கள். ஆனால் படைச்செருக்கின் உள்ளேயே, பகைவனுக்கு ஒரு தாழ்வு வந்துற்றபோது அவனுக்கு உதவுவதைத்தான் வீரத்தின் கூர்மையென்று அவர் சொல்லிவைத்திருப்பதைப் பார்க்கும்போது, அவர் கண்ட வீரனின் மனத்தில் கொல்லாமையும் ஒரு மூலையில் விழித்துக்கொண்டிருந்தது என்றே நினைக்கத் தோன்றுகிறது. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியது முதல், நிராயுதபாணியாகிவிட்ட இராவணனை இராமன் இன்று திரும்பிப் போகச் சொன்ன கட்டம் இந்த ஊரில் எத்தனையோ முறை மேடையேறியிருக்கிறது. அதைக் கேட்டுக் கண்கலங்கிய அவையினர், வீட்டுக்குப் போய்ப் பேரனுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் பத்துத் தலை உருண்டதை ஏன் பிரதானமாக்குகிறார்கள் என்பது எனக்கு விளங்காத சங்கதி.

சிவகங்கைச் சீமையிலேயே இதற்கான பாடங்கள் கிடக்கின்றன. 1772 ஜூன் 25ஆம் நாள் காளையார்கோவிலில் முத்துவடுகநாதத் தேவர் கும்பினிப் படையால் கொல்லப்பட்டபின், வேலு நாச்சியார் தப்பிச் சென்ற வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்ததற்காக உடையாள் என்ற எளிய பெண் வெட்டுண்டாள் என்பது மக்கள் வழக்கு. எட்டாண்டுகள் விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலும் காத்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்ட நாச்சியார், அந்தப் பெண்ணுக்குக் கல் நட்டுத் தம் தாலியைக் காணிக்கையாக்கினார் என்றும், கொல்லங்குடி வெட்டுடையார் காளி அவளே என்றும் சொல்கிறார்கள். சரித்திர ஆசிரியர்கள் இதை எந்த அளவுக்கு ஏற்பார்கள் என்பது வேறு விவகாரம். நான் கவனிப்பது, அந்தக் கதையை நம்புகிற ஜனங்களின் நியாய உணர்ச்சியை. ஆயுதம் ஏந்தாதவள், யாரையும் கொல்லாதவள், வாயைத் திறக்காமல் இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவள் உக்கிரமான காளியாகிறாள். அரியணை மீட்ட அரசி அவளுக்குக் காணிக்கை செலுத்துகிறாள். இன்றைக்கும் வழக்கு வியாஜ்ஜியங்களில் அநியாயம் இழைக்கப்பட்டவர்கள் காசு வெட்டிப் போட்டு முறையிடுவது அந்தச் சந்நிதியில்தான்.

மருது சகோதரர்களின் கதையைச் சொல்லும்போது 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டதோடு நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பின் நடந்ததில்தான் பிள்ளைகளுக்கு உரிய பகுதி இருக்கிறது. சின்ன மருதுவின் மகன் துரைசாமி, பதினைந்து வயதை ஒட்டிய சிறுவன், எழுபதுக்கு மேற்பட்ட மற்றவர்களோடு 1802இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டான். கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்றும், அப்படிப்பட்டவரையே பின்பு பகைவராக வேட்டையாட நேர்ந்தது என்றும் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1818இல் பினாங்கில் துரைசாமியைக் கண்டதையும், வாடித் தளர்ந்த அந்த உருவத்தைப் பார்த்துத் தம் மனம் நொந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வென்ற தரப்பைச் சேர்ந்தவர் அவர். நொந்ததனால் அவர் கைக்கு எந்த லாபமும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால், எதிரியின் முகத்திலும் ஒரு மனிதன் தெரிவான் என்பதை நாம் உபதேசிக்க வேண்டிய அவசியமே இராது.

கல்லாகிவிட்டவரை வணங்குவது சுலபம். கல் இருமாது, முதுகு வலிக்கிறதென்று சொல்லாது, அரசியல் பேசாது. உயிரோடு திரும்பிவந்தவர் விஷயத்தில்தான் நம் பக்தி பரீட்சிக்கப்படுகிறது. நம் கிராமங்களில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒரு வீடாவது இல்லாத ஊர் குறைவு. பதினேழு இருபது ஆண்டுகள் பனியிலும் பாலையிலும் கழித்துவிட்டு நாற்பது வயதைத் தொடுமுன் ஊர் திரும்பிய அந்த மனிதரை நாம் எப்படி அறிவோம்? மிலிட்டரி கேன்டீன் சரக்கு கிடைக்குமா என்று மெதுவாக விசாரிக்கத்தக்கவராக அறிவோம்; விடியற்காலையில் தனியே நடப்பவராக, மனைவியிடம் ஹிந்தியில் கோபித்துக்கொள்பவராக, பேருந்து நிலையத்துக்கு அருகேயுள்ள வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு முக்காலியில் உட்கார்ந்திருப்பவராக அறிவோம். ஆகஸ்டு 15 அன்று அட்டைக் கத்தியோடு வேஷம் போட்டுக்கொண்டு அவரைக் கடந்துதான் அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அதற்கு யாரும் சொன்னதில்லை.

நகரத்தார் வீடுகளில் முன்னோரை நினைத்துப் படைப்பு நடக்கும்போது பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, இலை போட்டு, பங்காளிகள் அத்தனை பேரும் கூடி விழுந்து கும்பிடுவார்கள். குழந்தைகள் காலுக்கிடையில் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் அவற்றுக்கு முன்னோரைப் பற்றிப் பிரசங்கம் செய்வதில்லை. ஆனால் வந்து விழுந்து கும்பிடு என்று கூப்பிடுவார்கள், இந்த ஐயா இன்னார், கொண்டுவிற்கப் போன ஊர் இன்னது, திரும்பி வரும்போது கப்பலில் காலமானார் என்று அப்பத்தா ஒருத்தி சொல்வாள். அவ்வளவுதான். பத்தாண்டு கழித்து அந்தப் பிள்ளைக்குத் தன் வீடு யாருடைய வியர்வையால் எழுந்ததென்று தெரியும். வேதம் தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பிதிர்களுக்கும் மனிதன் பிறவியிலேயே கடன்பட்டிருக்கிறான் என்கிறது. பேரேட்டில் பற்று எழுதிய பெயரை அடுத்த ஆண்டுப் புதுக்கணக்கிலும் மறவாமல் ஏற்றும் குலத்துக்கு இந்தத் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பட்டாளத்தாருக்கு நாம் பட்டிருக்கும் கடனில், பிதிர்க்கடனில் இல்லாத ஓர் இனம் உண்டு. அதைச் சொல்லத்தான் எல்லாரும் தயங்குகிறார்கள். உயிரைப் பணயம் வைத்தார் என்பது அதில் பாதி. கொல்லாமையை உத்தம தர்மமென்று நம்பும் சமூகம், தன் வாசலைக் காக்கும்போது அந்தத் தர்மத்தை மீறும் பாரத்தைச் சிலரிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் சுத்தமாக இருந்துகொள்கிறது. அந்தச் சிலர் திரும்பி வரும்போது, இரவில் அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பது எதுவென்று கேட்கவும் கூசுகிறது. நம் பொருட்டுப் பாவத்தையும் அவர் சுமந்தார் என்றால், அதில் நமக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதையின் சாரம். கீதையின் முதல் அத்தியாயத்துக்கு அர்ஜுன விஷாத யோகம் என்று பெயர். வில்லாளிகளில் தலைசிறந்தவன் கை நடுங்கி, வாய் உலர்ந்து, வில் நழுவி உட்கார்ந்துவிட்ட காட்சியிலிருந்து அந்த உபதேசம் தொடங்குகிறது. அந்த நடுக்கத்தை மறைத்துவிட்டு உபதேசத்தை மட்டும் எடுத்துக்கொள்ள அந்த நூலை யாத்தவர் இடம் வைக்கவில்லை. நாமோ குழந்தைகளுக்கு நடுங்காத அர்ஜுனர்களையே காட்டிக்கொண்டிருக்கிறோம். அப்படி வளரும் பிள்ளைகளில் ஒன்று, வீரன் என்றால் பயப்படாதவன், வருந்தாதவன் என்று எண்ணிக்கொண்டு பின்னாளில் அந்தப் பெயரில் எதையும் செய்யும். இன்னொன்று, பயமும் வருத்தமும் தன்னிடம் இருப்பதைக் கண்டு தான் எதற்கும் தகுதியற்றவன் என்று ஒதுங்கிவிடும்.

அப்படியானால் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் சாவையும் கொலையையும் பேசுவதா என்று சில தாய்மார்கள் கேட்கலாம். நம் பிள்ளைகள் சாவை அறியாதவர்கள் என்பது பெரியவர்களின் மயக்கம். புரவி எடுப்பின்போது மண்குதிரைக்குப் பின்னால் ஓடும் குழந்தை, அந்தக் குதிரையில் ஏறி இரவில் ஊரைச் சுற்றுபவர் யார், அவருக்குப் பக்கத்தில் அரிவாளோடு நிற்கும் கருப்பர் எதைக் காக்கிறார் என்பதையெல்லாம் தானே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அதனால் அது கெட்டுப்போனதாக நான் அறியேன்.

டிசம்பர் 7ஆம் நாள் படைவீரர் கொடிநாள். 1949 முதல் அது அனுசரிக்கப்படுகிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று படைகளையும் குறிக்கும் சிறு கொடியைப் பள்ளியில் கொடுத்து, பிள்ளைகளிடம் காசு வாங்கி முன்னாள் படைவீரர் நலனுக்கும் போரில் கணவரை இழந்தவர்களுக்கும் அனுப்புகிறார்கள். காசு யாருக்கென்று கொடுக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் தெரியாது. அந்த ஊர்ப் பட்டாளத்தாரை அன்றைக்கு வகுப்புக்கே அழைத்துவரலாம். மேடையும் மைக்கும் பொன்னாடையும் வேண்டாம். அவர் நாற்காலியில் உட்காரட்டும், பிள்ளைகள் தரையில் உட்காரட்டும். எங்கே இருந்தார், அங்கே எவ்வளவு குளிர், என்ன சாப்பிட்டார்கள், ஊரிலிருந்து கடிதம் வர எத்தனை நாளாகும், கூட இருந்தவர்களில் யார் திரும்பவில்லை, அவர் பெயர் என்ன என்று அவர் போக்கில் சொல்லட்டும். நடுவில் ஒரு பயல் அந்தக் கேள்வியைக் கேட்பான். ஆசிரியர் அவனை அதட்ட வேண்டாம். பட்டாளத்தார் பதில் சொன்னாலும் சரி, சொல்ல விரும்பாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாலும் சரி, இரண்டையும் நாற்பது குழந்தைகளும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். மத்தியானம் பிள்ளைகளோடு அவருக்கும் ஒரு தட்டுப் போட்டுவிட்டு, பேச்சுப் போட்டியை மறுநாளைக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.